வழி கூறாப் பாயிரம்

நூல் கற்கப் புகுவோன் முதற்கண் அதன் பாயிரத்தைக் கற்றல் வேண்டும் என்பது தமிழ் இலக்கண ஆசிரியர்களின் துணிபு. சிறப்புப் பாயிரத்தில் இடம்பெற வேண்டிய செய்திகள் எட்டு என நன்னூலார் வரையறுத்தார். அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர். அதனை அடுத்து, எல்லைக்கும் நூற்பெயருக்கும் யாப்புக்கும் முன்னதாக அவர் வைத்தது ‘வழி’. இந்நூல் எந்த நூலின் வழிவந்தது என அறிவித்தலே அது. ஒரு நூல் எதனைப் பற்றியது என்று கூறுமுன்பே, அது யாருக்குக் கடன்பட்டது என்று கூறிவிட வேண்டும் என அவர் கருதியிருக்கிறார். தேர்வுக்காக இவ்வெட்டையும் மனப்பாடம் செய்யும் மாணவர் பலர். இரண்டாவது ஏன் இரண்டாவதாக நிற்கிறது என்று கேட்போர் சிலர்.

இந்நாளில் பெரும்பாலோர் கதையைச் சந்திக்கும் இடம் ஏடன்று, திரை. திரைப்படத்திற்கும் பாயிரம் உண்டு. அரங்கின் விளக்குகள் அணைந்ததும் ஓடத் தொடங்கும் பெயர்வரிசையே அப்பாயிரம். இயக்குநர், நடிகர், இசையமைப்பாளர், ஒப்பனையாளர், ஊர்தி ஓட்டியவர் வரை அதில் இடம் பெறுவர். ‘வழி’ மட்டும் சில படங்களில் விடுபட்டுப் போகும். அவ்விடைவெளி வெறும் மரியாதைக் குறைவா, அன்றி அதனினும் பெரிய இழப்பா என்பது ஆராயத்தக்க வினா.

சிங்கப்பூர் இவ்வினாவைக் கேட்பதற்கு ஏற்ற ஊர். லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், மெக்கென்சி சாலையில் 1946இல் திறக்கப்பெற்ற ரெக்ஸ் அரங்கு, இடையில் பல மாற்றங்களுக்கு உட்பட்டு, 2009இல் மீண்டும் திரையரங்காகி இந்தியப் படங்களைக் காட்டியது. அதே நகரில், அதே வாரத்தில், ஆங்கில எழுத்துகளின் துணையுடன் கொரியப் படத்தைப் பார்க்கும் கூட்டமும் உண்டு. பல வேளைகளில் இரண்டும் ஒரே கூட்டம். பீட்டி சாலை உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் வகுப்பு முடிந்து வெளிவரும் மாணவி, வீடு சேரும்வரை கைப்பேசியில் கொரியத் தொடர் ஒன்றைக் கண்டுகொண்டு செல்வதில் வியப்பில்லை. மூலத்தைக் காணாதவரிடம் நகலை மூலம் என்று கூறிவிடலாம். இத்தகைய ஊரில் அது நெடுநாள் செல்லாது.

எடுத்துக்காட்டாக இரு படங்களைக் கொள்ளலாம். ஒன்று, பார்க் சான் ஊக் இயக்கி 2003இல் வெளிவந்த ‘ஓல்ட்பாய்’ என்னும் கொரியப் படம். 2004ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவில் ‘கிராண்ட் பிரி’ என்னும் பெரும்பரிசு பெற்றது. மற்றொன்று, சஞ்சய் குப்தா இயக்கி 2006 ஜனவரியில் வெளிவந்த ‘ஜிந்தா’ என்னும் இந்திப் படம். இரண்டிலும் ஓர் எளிய குடும்பத்தலைவன் காரணம் அறியாமல் கடத்தப்படுகிறான். சாளரமற்ற அறையில் தனியே அடைக்கப்படுகிறான். ஒரே வகைப் பொரித்த பண்டமே நாள்தோறும் உணவு; தொலைக்காட்சிப் பெட்டியே துணை. கொரியப் படத்தில் பதினைந்து ஆண்டுகள், இந்திப் படத்தில் பதினான்கு. பின்னர் ஒருநாள், காரணம் கூறாமலே விடுவிக்கப்படுகிறான். அடைத்தவன் யார், ஏன் அடைத்தான் என்று தேடுவதே மீதிக் கதை. நீண்ட நடைவழி ஒன்றில் சுத்தியலை ஏந்தி ஒருவன் பலரோடு பொரும் காட்சி கொரியப் படத்தில் புகழ்பெற்றது. அதன் சாயலும் இந்திப் படத்தில் உண்டு. களம் மட்டும் பாங்காக் நகராக மாறியது. இத்தனை ஒப்புமைகளைத் தற்செயல் எனக் கொள்வதற்குப் பெருந்தன்மை மிகுதியாக வேண்டும்.

ஆயினும் ஒப்புமைகளை எண்ணிக்கொண்டிருப்பது காவலர் தொழில். கற்போர்க்கு உரியது வேற்றுமைகளை எண்ணுவது. அங்குதான் இவ்விரு படங்களும் பேசத் தொடங்குகின்றன.

கொரியப் படத்தின் நாயகன் ஓ தே சு. சிறையறையில் அவன் செய்யும் முதல் வேலை, தன் வாழ்நாளில் யார் யாருக்குத் தீங்கிழைத்தான் என்று ஏடு ஏடாக எழுதுவது. பட்டியல் நீள்கிறது. ஆனால் அவன் அடைபட்டதற்கான காரணம் அப்பட்டியலில் இல்லை. படத்தின் இறுதிப் பகுதியில்தான் அது வெளிப்படுகிறது. பள்ளிப் பருவத்தில், லீ ஊ ஜின் என்னும் உடன்மாணவனும் அவன் தமக்கையும் முறை தவறிய அன்பில் இருப்பதை அவன் தற்செயலாகக் காண நேர்ந்தது. கண்டதை நண்பன் ஒருவனிடம் கூறினான். வேறு ஊர்ப் பள்ளிக்குச் சென்றான், கூறியதையும் மறந்தான். சொல் மட்டும் அங்கேயே தங்கியது. அது வாய்க்கு வாய் பரவிப் பெருகியது. அப்பெண் நீரில் வீழ்ந்து இறந்தாள். ஓ தே சு பொய் கூறவில்லை. பகையும் அவனுக்கு இல்லை. கண்டதைக் கண்டவாறே, வேடிக்கையாக, ஒருவனிடம் கூறினான். அவ்வளவே அவன் குற்றம்.

இவ்விடத்தில் தமிழாசிரியர் எவரும் நிமிர்ந்து அமர்வர். வாய்மை என்பது யாது என வரையறுக்கப் புகுந்த வள்ளுவர், உள்ளதை உள்ளவாறு கூறல் என்று எளிதில் முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு முடிக்கவில்லை. பிறர்க்குச் சிறிதும் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்றார். அக்கோலால் அளந்தால், ஓ தே சு கூறிய உண்மை வாய்மையாகாது. உண்மைக்கும் வாய்மைக்கும் இடையே உள்ள அவ்வேறுபாட்டை ஒரு கொரியப் படம் இத்துணைக் கொடுமையாக விளக்கிக்காட்டும் என்று எவர் எதிர்பார்த்திருப்பர்? ஆராயாது உரைத்த ஒரு கட்டளைக்காக உயிரையே நீத்த பாண்டியன் கதையைப் படித்து வளர்ந்தவர்க்கு, எண்ணாமல் எழுந்த சொல்லுக்கும் பழி உண்டு என்னும் கருத்து புதிதன்று. சோழநாட்டு வணிகன்மீது பாண்டியனுக்குப் பகை ஏதும் இல்லை. ஆயினும் கோவலன் உயிர் மீளவில்லை.

ஓ தே சுவின் பழி எவ்வாறு முடிகிறது? விடுதலை பெற்றபின் அவனுக்கு ஆதரவாக வந்து அன்பு செலுத்தும் இளம்பெண், அவன் சிறைபுகுந்தபோது குழந்தையாக இருந்த அவனுடைய சொந்த மகள் என்பது இறுதியில் தெரிகிறது. இருவரையும் அறியாமலே அவ்வுறவில் தள்ளியதே பகைவன் வகுத்த பழிவாங்கல். எந்தச் செய்தியை ஊரெங்கும் பரவவிட்டானோ அதே வகைச் செய்தி இப்போது அவனைப் பற்றியதாகிவிட்டது. மகளுக்கு அது தெரியக்கூடாது என்று மன்றாடும் அவன், பகைவன் காலடியில் தன் நாவைத் தானே அறுத்துக்கொள்கிறான். கிரேக்க நாடகத்து ஈடிப்பஸ் உண்மை தெரிந்ததும் கண்களைக் குத்திக்கொண்டான். இவனோ நாவை அறுத்தான். பிழை செய்த உறுப்பு அதுவாதலின்.

இனி இந்திப் படம். அதன் நாயகன் பாலஜீத் ராயும் பள்ளிப் பருவத்துச் சொல் ஒன்றினாலேயே பகையைத் தேடிக்கொண்டவன். ஆனால் அச்சொல் வேறு. பகைவனின் தமக்கை தன் விருப்பத்தை ஏற்காமையால் சினந்து, அவள் ஒழுக்கம் பற்றிப் பொய்யான பழிமொழி ஒன்றை அவனே கட்டிப் பரப்பினான். அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். முறை தவறிய உறவு இரண்டிடத்திலும் நீக்கப்பட்டது. முடிவில் பகைவன் வீழ்கிறான். மகள் தந்தையைச் சேர்கிறாள்.

இம்மாற்றங்கள் ஏன் நேர்ந்தன என்பதை உணர்தல் எளிது. இந்தியக் குடும்பங்கள் கூடியிருந்து காணும் அரங்கில் கொரியக் கதையின் முடிவை அப்படியே வைத்தல் இயலாது; தணிக்கைக் குழுவும் உண்டு. அதற்காக எவரும் இயக்குநரைக் குறைகூற வேண்டியதில்லை. கம்பரும் அதனைத்தான் செய்தார். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். தமிழ் மரபுக்கு அது பொருந்தாது எனக் கண்ட கம்பர், அவள் இருந்த குடிலை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் செல்லவைத்தார். முதல்நூலினின்று வேறுபட வழிநூலாசிரியனுக்கு உரிமை உண்டு என்று நன்னூலும் ஒப்புக்கொள்கிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. மூலத்தில் நாயகனின் குற்றம் சிறிது, தண்டம் அளவிறந்தது. அந்த அளவின்மையே காண்போரை உறங்கவிடாத வினாவாகிறது. இந்திப் படத்திலோ குற்றம் பெருத்துவிட்டது, தண்டம் சிறுத்துவிட்டது. ஆசையை மறுத்த பெண்மீது வேண்டுமென்றே பொய்ப்பழி சுமத்தி அவளைச் சாகவிட்டவன், கதைமுடிவில் வென்றவனாக மகளோடு நிற்கிறான். காண்போரும் அவன் பக்கமே நிற்குமாறு படம் அமைக்கப்பட்டிருக்கிறது. இறந்தவளைப் பற்றி எண்ண அங்கு நேரமில்லை. கொரியப் படத்தின் கொடுமையைக் கண்டு முகஞ்சுளிப்போர் இதனை நல்லொழுக்கப் படம் என்று எண்ணக்கூடும். உண்மையில் அறத்தின் நோக்கில் இதுவே மிகுதியாக அஞ்சத்தக்கது. அறையும் பண்டமும் சுத்தியலும் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவை எந்த வினாவுக்காகப் படைக்கப்பட்டனவோ அவ்வினா கொரியாவிலேயே விடப்பட்டது.

வழி கூறாமைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உண்டு. தேவமொழியில் இக்கதை பாடியோர் மூவர் என்றும், அவருள் முதல்வரைத் தாம் பின்பற்றியதாகவும் கம்பர் பாயிரத்திலேயே அறிவித்தார். அறிவித்ததனால் அவர் செய்த ஒவ்வொரு மாற்றமும் வான்மீகிக்குக் கூறிய மறுமொழியாக ஒலிக்கிறது. கற்போர் இரண்டையும் அருகருகே வைத்து, இவர் ஏன் இவ்வாறு மாற்றினார் என்று கேட்கின்றனர். கம்பரும் அக்கேள்விக்கு அணியமாகவே எழுதினார். மூலத்தை மறைத்தவன் செய்யும் மாற்றம் அவ்வகைப்பட்டதன்று. ஒப்பிட்டு நோக்குவார் எவரும் வரமாட்டார் என்ற துணிவில் அது பிறக்கிறது. யாருக்கும் மறுமொழி கூற வேண்டாத மாற்றம், இலகுவான திசையிலேயே செல்லும்.

கொரியப் படமும் முதல்நூல் அன்று என்பதை இங்குக் கூறாது விட்டால் நடுவுநிலை பிறழும். காரோன் சுச்சியா எழுத, நொபுவாகி மினெகிஷி வரைந்து, 1996 முதல் 1998 வரை வெளிவந்த ஜப்பானியச் சித்திரக்கதையே அதன் வழி. படம் அதனை வெளிப்படையாக ஏற்றது. சித்திரக்கதையில் சிறைவாசம் பத்தாண்டு. அடைத்தவனின் காரணமும் முற்றிலும் வேறு: பள்ளி வகுப்பில் அவன் பாடியபோது, பிறர் காணாத அவனது தனிமையை ஒரே ஒரு மாணவன் உணர்ந்து கண்ணீர் விட்டான், தன் உள்ளம் பிறனொருவனால் காணப்பட்டதையே அவன் இழிவாகக் கொண்டான். அக்காரணத்தை விலக்கி, நாவின் குற்றத்தை நடுவில் நிறுத்தியவர் பார்க் சான் ஊக். மூலத்தினும் கடுமையான கேள்வியை அவர் எழுப்பினார். கடன் வாங்கியதை ஒப்பியவர்க்கு வட்டியோடு திருப்பித்தரும் பொறுப்பும் தானாகவே வந்துவிடுகிறது போலும். 2013இல் அமெரிக்க இயக்குநர் ஸ்பைக் லீ முறைப்படி உரிமை பெற்றே இக்கதையை மீண்டும் எடுத்தார். அப்படம் பெரிதும் போற்றப்படவில்லை. வழி கூறினால் மட்டும் நூல் சிறந்துவிடாது என்பதற்கு அது சான்று.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் துணைவரும் என்பதையும் நோக்கலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் வழங்கிய தீர்ப்பு இத்துறையில் அடிப்படையானது. தாம் எழுதிய ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்னும் நாடகத்தையே 1956இல் வந்த ‘நியூ டெல்லி’ படம் களவாடியது என்பது அவர் முறையீடு. பஞ்சாபி இளைஞனும் தமிழ்ப் பெண்ணும் விரும்ப, பெற்றோர் மறுக்கும் கதை அது. கருத்துக்கு எவரும் உரிமை கொண்டாட இயலாது, அது வெளியிடப்பட்ட வடிவத்திற்கே காப்புண்டு என்று கூறிய நீதிமன்றம், இரண்டையும் கண்ட ஒருவன் பின்னது முன்னதன் நகலே என்று ஐயமின்றி உணர்வானா என்பதை அளவுகோலாகக் கொண்டது, முறையீட்டை ஏற்கவில்லை. சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் படைப்பின்மீது பிறர் பெயரைப் பொய்யாக இடுவதைத் தடுத்தது. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ, படைப்பைப் பலரறியப் பயன்படுத்துங்கால் படைத்தவர் பெயர் கூறப்பெறும் உரிமையையும் சேர்த்தது. பொய் கூறாதே என்னும் நிலையிலிருந்து, கூறவேண்டியதைக் கூறாமல் இராதே என்னும் நிலைக்குச் சட்டம் வந்துசேர முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

இக்குறை இந்திப் படவுலகிற்கே உரியது என்று தமிழர் எவரும் மகிழ வேண்டா. லிட்டில் இந்தியாவிலிருந்து பாலஸ்டியர் சாலைப் பக்கம் சிறிது நடந்தால் ஜாலான் அம்பாஸ் வரும். ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்பு நிலையம் 1947 முதல் 1967 வரை அங்கு இயங்கியது. அதன் தொடக்ககால இயக்குநர்களுள் இந்தியாவிலிருந்து வந்தோர் பலர். 1934இலேயே ‘லைலா மஜ்னூன்’ எடுத்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், பி. என். ராவ், பணி மஜும்தார் என வரிசை நீளும். 1950இல் ‘பக்தி’ படத்தில் பி. ரம்லியை முதன்முதலாக நாயகனாக்கியவர் கிருஷ்ணனே. அவர்தம் உழைப்பு மலாய்த் திரைக்கலைக்கு அடித்தளம் இட்டது என்பதில் ஐயமில்லை. ஆயின், இந்தியப் படக்கதைகள் பல ஆள்பெயரும் ஊர்ப்பெயரும் மட்டும் மாறி மலாய் பேசின. மூலத்தின் பெயர் கூறும் வழக்கம் அந்நாளில் வேரூன்றவில்லை. திரையில் காணும் குடும்பம் தங்கள் கம்பத்துக் குடும்பமன்று என்று மலாய் இரசிகர் குறைப்பட்டதும் இயல்பே. ரம்லி தாமே இயக்கிய முதற்படமான ‘பெனாரெக் பெச்சா’ 1955இல் வந்தபோது, ஒரு திரிஷா ஓட்டியின் வாழ்க்கை திரைக்கு வந்தது.

தமிழ்ப் படங்களுள் வேறுவகை எடுத்துக்காட்டும் உண்டு. எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954இல் வந்தது. ஒரு கொலை, பலர் வாக்குமூலம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம் என்னும் அமைப்பு, அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படத்தை நினைவூட்டுவது. அங்கு வினா, உண்மையை மனிதர் அறிய இயலுமா என்பது. பாலசந்தர் அவ்வினாவை எடுத்துக்கொள்ளவில்லை. போர்க்காலச் சென்னையில், நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவனை அறிந்துகொண்ட மனைவி என்ன செய்வாள் என்று கேட்டார். பாட்டில்லை, கூத்தில்லை, கேள்வி மட்டும் நின்றது. அமைப்பைக் கொண்டு தனக்கென ஒரு கேள்வியைக் கட்டிய படம் அது. ‘ஜிந்தா’வோடு அதனை ஒரே தட்டில் வைப்பது தகாது.

எதிர்த்திசையில் எழுந்த ஒரு முறையீடும் உண்டு. கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோவின் ‘பாரசைட்’ 2020 பிப்ரவரியில் நான்கு ஆஸ்கர் விருதுகள் பெற்றபோது, அது 1999இல் வந்த ‘மின்சாரக் கண்ணா’வின் கதை என்று அத்தமிழ்ப் படத்தின் தயாரிப்பாளர் கூறினார். ஒரு குடும்பத்தினர் உறவை மறைத்துச் செல்வர் வீட்டில் ஒவ்வொருவராக வேலைக்கமர்வது இரண்டிலும் உண்டு. ஆனால் தமிழ்ப் படத்தில் அது காதலுக்கான நாடகம். கொரியப் படத்தில் நிலவறையில் வாழ்வோனுக்கும் மேல்மாடத்தில் வாழ்வோனுக்கும் இடையிலான பகை. கருத்து ஒன்றாயினும் வினா வேறு. ‘ஜிந்தா’வைக் கண்டிக்கும் அதே அளவுகோல் இங்குக் கொரியரைக் காக்கிறது. தமிழர் அதற்காக வருந்தத் தேவையில்லை.

பின்னாளில் வழக்கம் மாறியது. 2016இல் வந்த ‘ராக்கி ஹாண்ட்சம்’, அதே ஆண்டின் ‘தீன்’, 2021இல் வந்த தமிழ்ப் படமான ‘நெற்றிக்கண்’ ஆகியவை கொரியக் கதைகளின் உரிமையை முறைப்படி பெற்று எடுக்கப்பட்டவை. கதைகள் இப்போது மறுதிசையிலும் செல்லத் தொடங்கியுள்ளன. ஜீத்து ஜோசப் 2013இல் மலையாளத்தில் எடுத்த ‘த்ரிஷ்யம்’, அவராலேயே 2015இல் தமிழில் ‘பாபநாசம்’ ஆயிற்று. இந்தியிலும் அவ்வாண்டே வந்தது. அதனையும் ஒரு ஜப்பானிய நாவலோடு ஒப்பிட்டவர் உண்டு, இயக்குநர் மறுத்தார். அக்கதையின் இந்தி வடிவத்தைக் கொரிய மொழியில் எடுப்பதாக, இரு நாட்டு நிறுவனங்களும் கூடி 2023இல் கான் விழாவில் அறிவித்தன.

அக்கதையின் நடுவிலும் இருப்பது நாவே. மகளைக் காக்க ஒரு தந்தை குடும்பம் முழுவதையும் பொய் கூறப் பழக்குகிறான். ஊரே அப்பொய்யை உண்மையென்று சான்று பகர்கிறது. பிறிதொரு வீட்டில் மகனை இழந்த தாயும் தந்தையும், அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதுகூட அறியாமல் காத்திருக்கின்றனர். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்றார் வள்ளுவர். அத்தந்தை கூறியது அவ்வகைப் பொய்தானா? தமிழ்ப் படத்தில் அவன் அப்பெற்றோர்முன் கைகூப்பி நின்று, நேராகக் கூறாமலே ஒப்புக்கொண்டு அழுகிறான். கொரிய இயக்குநர் அக்காட்சியை என்ன செய்வார் என்பது, படம் வரும் நாளில் சிங்கப்பூர் மாணவர் முதலில் பார்க்க வேண்டிய இடம்.